சிக்கன விதியும் பருத்தியின் குடிவழியும்

சிக்கனம் என்னும் சொல் நம் சங்க அங்கத்தினர்களுக்குப் புதியதன்று. சிக்கனத்தை வளர்ப்பதற்கென்றே எத்தனையோ ஊர்களில் சங்கங்கள் தோன்றின. வரவை மீறாத செலவு, வீணாகாத நூல், பாழாகாத விதை என்பன நாம் நாள்தோறும் பேசும் பேச்சு. இதே சிக்கனத்தை உயிரியல் வல்லுநர்கள் ஓர் ஆராய்ச்சி விதியாகக் கொண்டிருக்கிறார்கள். அதன் துணையால் செடி கொடிகளும் விலங்குகளும் ஒன்றற்கொன்று என்ன உறவு என்பதைக் கணக்கிட்டுக் கூறுகிறார்கள். எழுதி வைத்த வமிசாவளி எதுவும் இல்லாத உயிர்களுக்கு, அவற்றின் உடலுக்குள்ளேயே இருக்கும் மரபு இழையைப் படித்துக் குடிவழி மரம் வரைகிறார்கள். அந்த வேலையில் கணிப்பொறி அவர்களுக்குக் கணக்குப்பிள்ளையாக இருந்து உதவுகிறது.

இம்முறை எவ்வாறு இயங்குகிறது, எவ்வளவு தூரம் நம்பத்தக்கது, இதனால் உழவர்க்கும் நெசவாளர்க்கும் என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். எடுத்துக்காட்டுக்கு வெகு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் விளைவித்து, நூற்று, நெய்யும் பருத்தியே போதும்.

நான்கு பருத்திகள், இரண்டு கூட்டங்கள்

உலகில் பயிராகும் பருத்தி நான்கு இனங்களுள் அடங்கும். உப்பம் பருத்தி ஓர் இனத்தைச் சேர்ந்தது. கரிசற் காட்டில் நெடுநாள் புகழ் பெற்ற கருங்கண்ணி மற்றோர் இனத்தைச் சேர்ந்தது. இவ்விரண்டும் பழைய உலகத்துப் பருத்திகள். கம்போடியா என்று நம் முன்னோர் அழைத்ததும், இன்று நாடெங்கும் பயிராவதுமான அமெரிக்கப் பருத்தி மூன்றாவது இனம். எகிப்தியப் பருத்தி, கடற்தீவுப் பருத்தி எனப் பெயர் பெற்ற மிக நீண்ட இழைப் பருத்தி நான்காவது. 1974-ஆம் ஆண்டில் கோவையிலிருந்து வெளிவந்த சுவின் இந்நான்காம் இனத்தைச் சேர்ந்தது.

நம் நாட்டுப் பருத்திகள் இரண்டிலும் ஒவ்வோர் உயிரணுவிலும் 26 நிறமிகள் உள்ளன. அமெரிக்க இனங்கள் இரண்டிலும் 52 உள்ளன. இதனாலேயே நாட்டுப் பருத்தியையும் அமெரிக்கப் பருத்தியையும் கலந்தால் பிறக்கும் செடி 39 நிறமிகளோடு பெரும்பாலும் மலடாகிவிடுகிறது. சரியாக இரு மடங்கு என்னும் இக்கணக்கு அறிஞர்களின் மனத்தை உறுத்தியது. 1934-இல் ஸ்கோவ்ஸ்டெட் என்பவர் நிறமிகளின் அளவை நுணுகி நோக்கினார். அமெரிக்கப் பருத்தியில் பெரிய நிறமிகள் 26-ம் சிறிய நிறமிகள் 26-ம் இருப்பதைக் கண்டார். பெரியவை ஆசியப் பருத்தியினுடையவற்றை ஒத்திருந்தன. சிறியவை அமெரிக்கக் காட்டுப் பருத்திகளினுடையவற்றை ஒத்திருந்தன. எனவே, பழைய உலகத்துப் பருத்தியொன்றும் புதிய உலகத்துப் பருத்தியொன்றும் எக்காலத்திலோ கலந்து பிறந்ததே அமெரிக்கப் பருத்தி என்ற கருத்து எழுந்தது. 1940-இல் பீஸ்லி என்பவர் ஆசியப் பருத்தியையும் அமெரிக்கக் காட்டுப் பருத்தியையும் கலந்து, கால்ச்சிசின் என்னும் மருந்தினால் நிறமிகளை இரட்டித்து, அத்தகைய செடியைத் தோட்டத்திலேயே உண்டாக்கிக் காட்டினார்.

ஆயினும் கேள்விகள் எஞ்சி நின்றன. அந்தக் கலப்பில் தாய் எது, தந்தை எது? காட்டில் இன்றுள்ள இனங்களுள் அந்த மூதாதையர்க்கு நெருங்கிய உறவு எது? இவற்றுக்கு விடை கூற நுண்பெருக்கிக் கண்ணாடி போதவில்லை. மரபு இழையின் எழுத்துக்களைப் படிக்க வேண்டியதாயிற்று.

பிரதியும் பிழையும்

ஜக்கார்டுப் பெட்டியில் ஏறும் அட்டைகளை நெசவாளர்கள் நன்கு அறிவார்கள். ஒரு கரை வேலைப்பாட்டுக்கு நூற்றுக்கணக்கான அட்டைகள் தேவை. ஒவ்வோர் அட்டையிலும் துளை இருக்குமிடம், இல்லாவிடம் என்பவையே எந்த இழை எழும், எந்த இழை தாழும் என்பதை முடிவு செய்கின்றன. ஒரு சங்கத்தில் ஒரு வேலைப்பாட்டின் மூல அட்டைத் தொகுதி இருந்ததாகக் கொள்வோம். வேறு தறிகளுக்காக அதைப் பார்த்துச் சில தொகுதிகள் அடிக்கப்பட்டன. அவற்றைப் பார்த்து மேலும் சில அடிக்கப்பட்டன. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மூலம் காணாமற் போயிற்று. நான்கு தொகுதிகள் மட்டும் கிடைத்தன. எது எதைப் பார்த்து அடிக்கப்பட்டது என்று கண்டறிய முடியுமா?

முடியும். அட்டை அடிப்பவர் எவ்வளவு கவனமுள்ளவராயினும் எங்கேனும் ஒரு துளை தவறும். அந்தத் தவறு அதைப் பார்த்து அடித்த பிரதிகளுக்கெல்லாம் செல்லும். ஆகவே, இரண்டு தொகுதிகளில் ஒரே இடத்தில் ஒரே தவறு காணப்படின், அவ்விரண்டும் ஒரே பிரதியிலிருந்து வந்தன என்று கொள்வதே எளிது. இருவர் தனித்தனியே அதே இடத்தில் அதே தவறு செய்தனர் என்று கொள்வதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் வேண்டும். முன்னதற்கு ஒன்றே போதும். சிக்கன விதி என்பது இதுதான். கண்ட வேறுபாடுகளையெல்லாம் மிகக் குறைந்த மாற்றங்களைக் கொண்டு விளக்கும் குடிவழி எதுவோ அதையே ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இங்கே மூன்று செய்திகளை மனத்தில் இருத்துதல் வேண்டும். எல்லாத் தொகுதிகளிலும் ஒன்றுபோலிருக்கும் துளைகள் உறவைப் பற்றி ஒன்றும் கூறா. ஒரே ஒரு தொகுதியில் மட்டும் உள்ள தவறும் ஒன்றும் கூறாது; அது அத்தொகுதியின் தனிச் சொத்து. சிலவற்றுக்கு மட்டும் பொதுவாக உள்ள மாற்றமே சாட்சி சொல்லும். அதிலும், மூலத்திலிருந்தே வந்த ஒற்றுமையையும் இடையில் புகுந்த மாற்றத்தினால் வந்த ஒற்றுமையையும் பிரித்தறிதல் அவசியம். 1950-இல் வில்லி ஹென்னிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் தம் நூலில் வற்புறுத்திய கொள்கை இதுவே. பூச்சிகளை ஆராய்ந்த அவர், புதிதாகத் தோன்றிய பொதுக் குணங்களே உறவுக்குச் சான்று என்றார்.

ஏட்டுச் சுவடிகளை ஒப்பு நோக்கும் பதிப்பாசிரியர்களும் இவ்வழியையே பின்பற்றுகிறார்கள். 1998-இல் இங்கிலாந்து நாட்டு அறிஞர்கள், சாசர் எழுதிய காண்டர்பரிக் கதைகளின் பழைய கையெழுத்துப் பிரதிகளை, உயிர்களின் குடிவழிக்காக இயற்றப்பட்ட கணிப்பொறி நிரல்களைக் கொண்டே ஆராய்ந்தனர்.

ஆறு இடங்களில் ஒரு கணக்கு

உயிர்களின் மரபு இழை டி. என். ஏ. எனப்படும். அதில் அடினைன், தைமின், சைட்டோசைன், குவானைன் என்னும் நான்கே பொருள்கள் வரிசையாகக் கோக்கப்பட்டுள்ளன. அவற்றை அ, தை, சை, கு என்று சுருக்கி எழுதுவோம். தலைமுறை தலைமுறையாக இவ்வரிசை படியெடுக்கப்படும்போது எங்கேனும் ஓரெழுத்து மாறுகிறது. அம்மாற்றம் பின் வரும் சந்ததிக்குச் செல்கிறது. அட்டைத் தொகுதியின் கதையேதான்.

கீழே நான்கு செடிகளின் மரபு இழையில் ஆறு இடங்கள் காட்டப்பட்டுள்ளன. கணக்கு விளங்குவதற்காக நான் அமைத்துக்கொண்ட எழுத்துக்கள் இவை. ஆய்வுக்கூட ஏட்டிலிருந்து எடுத்தவையல்ல. நான்காவதாகிய கொக்கியா என்பது ஹவாய்த் தீவுகளில் வளரும் மரம். பருத்திக்கு உறவாயினும் பருத்திக் குடும்பத்துக்குள் சேராதது. இவ்வாறு வெளியிலிருந்து ஒன்றை வைத்துக்கொண்டால்தான் மூல எழுத்து எது, மாறிய எழுத்து எது என்று தீர்மானிக்க இயலும்.

கருங்கண்ணி: அ – சை – தை – கு – அ – தை
அமெரிக்கப் பருத்தி: அ – சை – தை – கு – சை – கு
பெரு நாட்டுக் காட்டுப் பருத்தி: அ – தை – தை – அ – சை – தை
கொக்கியா: அ – தை – கு – அ – அ – தை

கொக்கியா முதலிற் பிரிந்தது என்று கொண்டால், மற்ற மூன்றுக்கும் மூன்று வகையான மரங்களே சாத்தியம். முதல் மரத்தில் கருங்கண்ணியும் அமெரிக்கப் பருத்தியும் உடன்பிறப்புக்கள். பெருப் பருத்தி வெளியே நிற்கும். இரண்டாம் மரத்தில் அமெரிக்கப் பருத்தியும் பெருப் பருத்தியும் உடன்பிறப்புக்கள். மூன்றாம் மரத்தில் கருங்கண்ணியும் பெருப் பருத்தியும் உடன்பிறப்புக்கள்.

மாற்றங்களை எண்ணும் வழியை 1971-இல் வால்டர் பிட்ச் என்பவர் வகுத்தார். கிளை நுனிகளிலிருந்து அடி நோக்கி வர வேண்டும். இரு கிளைகள் கூடுமிடத்தில் இரண்டுக்கும் பொதுவான எழுத்து இருந்தால் அதை எழுதிக்கொள்க. பொதுவாக ஒன்றும் இல்லையேல் இரண்டையும் எழுதிக்கொண்டு, மாற்றம் ஒன்று எனக் கணக்கில் ஏற்றுக. வரவு செலவுப் பதிவு எழுதத் தெரிந்த எவரும் இதைச் செய்துவிடலாம்.

இரண்டாம் இடத்தை முதல் மரத்தில் வைத்துப் பார்ப்போம். கருங்கண்ணி சை, அமெரிக்கப் பருத்தி சை. பொது எழுத்து சை, மாற்றம் இல்லை. அதனோடு பெருப் பருத்தியின் தை வந்து கூடுகிறது. பொது எழுத்து இல்லாமையால் ‘சை அல்லது தை’ என எழுதி ஒரு மாற்றம் ஏற்றுகிறோம். பின் கொக்கியாவின் தை கூடுகிறது. தை பொது, மாற்றம் இல்லை. ஆக மொத்தம் ஒரு மாற்றம். அதே இடத்தை இரண்டாம் மரத்தில் வைத்தால் அமெரிக்கப் பருத்தியின் சையும் பெருப் பருத்தியின் தையும் கூடுமிடத்தில் ஒரு மாற்றம். பின் கருங்கண்ணியின் சை கூடி, சை நிலைக்கிறது. கொக்கியாவின் தை கூடும்போது இன்னொரு மாற்றம். ஆக இரண்டு.

இவ்வாறே எல்லா இடங்களையும் கணக்கிடலாம். முதலிடம் எல்லாவற்றிலும் ஒன்றே. எந்த மரத்திலும் மாற்றம் இல்லை. மூன்றாம் இடமும் ஆறாம் இடமும் தனித்த மாற்றங்கள். எந்த மரமாயினும் ஒவ்வொன்று. இரண்டாம், நான்காம் இடங்கள் முதல் மரத்தில் ஒவ்வொரு மாற்றமும் மற்ற மரங்களில் இவ்விரண்டு மாற்றங்களும் கேட்கின்றன. ஐந்தாம் இடம் மட்டும் மாறுபட்டு இரண்டாம் மரத்துக்குச் சார்பாக நிற்கிறது. அங்கே ஒன்று, பிறவற்றில் இரண்டு. கூட்டிப் பார்த்தால் முதல் மரத்துக்கு 6 மாற்றம், இரண்டாம் மரத்துக்கு 7, மூன்றாம் மரத்துக்கு 8. சிக்கன விதி முதல் மரத்தைத் தேர்ந்தெடுக்கிறது. ஐந்தாம் இடத்தில் ஒரே எழுத்து இரண்டு கிளைகளில் தனித்தனியே தோன்றியிருத்தல் வேண்டும் என்று நாம் ஒப்புக்கொள்ள நேரிடுகிறது. ஆறு இடங்களுள் ஓரிடத்தில் அது நிகழ்வது வியப்பன்று.

மரங்களின் தொகை

நான்கு செடிகளாயின் மூன்று மரங்கள். காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். ஐந்தாயின் 15. ஆறாயின் 105. எட்டாயின் 10,395. பத்தாயின் 20,27,025. இருபது செடிகளை ஒப்பிட வேண்டுமெனில் சாத்தியமான மரங்களின் தொகை 21 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணாகிறது. நொடிக்குப் பத்து லட்சம் மரங்களைச் சோதிக்கும் இயந்திரத்தை அமர்த்தினாலும் அவற்றை முடிக்க ஏறக்குறைய 70 லட்சம் ஆண்டுகள் செல்லும். பருத்திக் குடும்பத்தில் உள்ள இனங்களோ ஏறத்தாழ ஐம்பது.

கணிப்பொறி நிரல்களின் திறமை இங்கேதான் வெளிப்படுகிறது. இனங்கள் சிலவேயாயின் எல்லா மரங்களையும் ஒன்று விடாமல் சோதிக்கின்றன. சற்று மிகுந்தால் ஒரு தந்திரத்தைக் கையாளுகின்றன. மரத்தைக் கிளை கிளையாகக் கட்டி வரும்போதே, இதுவரை கண்ட நல்ல மரத்தின் கணக்கைத் தாண்டிவிட்டால், அதற்கு மேல் அவ்வழியில் செல்லாமல் கைவிடுகின்றன. 1982-இல் ஹெண்டி, பென்னி என்னும் இருவர் இதனை இத்துறைக்குக் கொணர்ந்தனர். இதிலும் சிறந்த மரம் தப்பிவிடாது. இனங்கள் இன்னும் பெருகினால், ஒட்டுக் கட்டும் தோட்டக்காரனைப் போல் வேலை செய்ய வேண்டியதுதான். ஏதோ ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு, ஒரு கிளையை அறுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்ப்பது. கணக்குக் குறைந்தால் அதை வைத்துக்கொள்வது, இல்லையேல் விட்டுவிடுவது. இம்முறையில் உண்மையிற் சிறந்த மரத்துக்கு முன்னரே ஓரிடத்தில் நின்றுவிடும் அபாயம் உண்டு. அதனால் வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து நூற்றுக்கணக்கான முறை தேடச் செய்வது வழக்கம்.

இப்பணிக்கென இயற்றப்பட்ட நிரல்கள் பல. டேவிட் ஸ்வாபர்டு இயற்றிய ‘பாப்’ என்பதன் பெயரிலேயே சிக்கனம் என்னும் சொல் அடங்கியிருக்கிறது. ஜோசப் பெல்சன்ஸ்டைன் 1980 முதல் இலவசமாக வழங்கிவரும் ‘பைலிப்’, கோலபாப், பாரிஸ், நிக்ஸன் ஆகியோரின் ‘டி. என். டி.’, 1993-இல் தோன்றிய ‘மெகா’ என்பனவும் பலராலும் கையாளப்படுபவை. ‘டி. என். டி.’ மிகப் பெரிய தொகுதிகளையும் விரைவில் முடிக்க வல்லது.

வேலையின் வரிசை

ஆய்வுக்கூடத்தில் இவ்வேலை நடைபெறும் ஒழுங்கு பின்வருமாறு:

1. இலைகளிலிருந்து மரபு இழையைப் பிரித்தெடுத்து, எல்லாச் செடிகளிலும் ஒரே பகுதியின் எழுத்து வரிசையைப் படிக்கிறார்கள். உறவறிய வேண்டிய இனங்களோடு வெளி இனம் ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

2. வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்படுத்துகிறார்கள். காலப்போக்கில் சில எழுத்துக்கள் விடுபட்டும் சில புகுந்தும் இருக்கும். இரண்டு சேலைகளின் கரையை ஒப்பிடும்போது ஒன்றில் ஓர் ஊடை விடுபட்டிருந்தால் அவ்விடத்தில் இடைவெளி விட்டுப் பொருத்தினாலன்றி மேற்கொண்டு ஒன்றும் பொருந்தாதன்றோ? இதுவும் அவ்வாறே. இங்கே பிழை நேர்ந்தால் பின்னர் எந்த நிரலும் அதைத் திருத்தாது.

3. நேர்படுத்திய அட்டவணையை நிரலிடம் ஒப்படைத்து மிகக் குறைந்த மாற்றமுள்ள மரத்தைத் தேடச் செய்கிறார்கள்.

4. ஒரே கணக்குள்ள மரங்கள் பல கிடைத்தால், அவை அனைத்தும் ஒத்துக்கொள்ளும் கிளைகளை மட்டும் வைத்து ஒரு பொது மரம் வரைகிறார்கள். ஒவ்வாத இடங்களை முடிவு செய்யாமல் விட்டுவைக்கிறார்கள்.

5. கிடைத்த மரத்தைச் சோதிக்கிறார்கள். 1985-இல் பெல்சன்ஸ்டைன் வகுத்த சோதனை இது. அட்டவணையின் ஒவ்வோர் இடத்தையும் ஒரு சீட்டாகக் கொண்டு குலுக்கி, ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு மீண்டும் உள்ளே போட்டு, பழைய தொகை சேரும்வரை எடுக்கிறார்கள். அப்புதிய அட்டவணைக்கு மரம் கட்டுகிறார்கள். இவ்வாறு ஆயிரம் முறை செய்து, ஒரு கிளை எத்தனை முறை திரும்பத் தோன்றிற்று எனப் பார்க்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை தோன்றும் கிளையை உறுதியுள்ளதென்றும், ஐம்பது முறை தோன்றுவதை ஐயத்துக்குரியதென்றும் கொள்கிறார்கள்.

இம்முறை மெய்யாகவே உண்மையைக் காட்டுகிறதா என்று கேட்பது நியாயம். 1992-இல் அமெரிக்காவில் டேவிட் ஹில்லிசும் அவர் தோழர்களும் இதற்கொரு நேர்ச் சோதனை நடத்தினர். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றை, மாற்றங்களை மிகுவிக்கும் மருந்தோடு வளர்த்து, குறித்த காலங்களில் பிரித்துப் பிரித்து ஒன்பது சந்ததிகளை உண்டாக்கினர். எது எதிலிருந்து பிரிந்தது என்பது அவர்கள் ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. பின் அச்சந்ததிகளின் மரபு இழை எவ்வெவ்விடங்களில் நொதிகளால் அறுபடுகிறது என்னும் குறிப்பை மட்டும் கொண்டு குடிவழியைக் கணக்கிட்டனர். சாத்தியமான 1,35,135 மரங்களுள் உண்மையான மரத்தையே சிக்கன முறையும், உடன் சோதித்த மற்ற முறைகளும் எடுத்துக் கொடுத்தன.

பருத்தி சொன்ன செய்தி

இனி நம் பருத்திக்கு வருவோம். இலைகளுக்குப் பசுமை தரும் பசுங்கணிகத்துக்கு எனத் தனியாக ஒரு சிறு மரபு இழை உண்டு. பருத்தியில் அது சுமார் 1,60,000 எழுத்துக்கள் நீளமுள்ளது. அது பருத்தியில் தாய் வழியாகவே இறங்குகிறது. 1992-இல் ஜோனதன் வெண்டலும் விக்டர் ஆல்பர்ட்டும் பருத்தி இனங்களின் பசுங்கணிக இழையைச் சிக்கன முறையால் ஆராய்ந்து குடிவழி வரைந்தனர். அதில் அமெரிக்காவில் பயிராகும் இனங்கள், சுற்றிலும் வளரும் அமெரிக்கக் காட்டுப் பருத்திகளோடு சேரவில்லை. கடல்களுக்கு அப்பாலுள்ள உப்பம், கருங்கண்ணி இனங்களோடு சேர்ந்து நின்றன. ஆகவே, அந்தப் பழங்கலப்பில் தாயாக நின்றது பழைய உலகத்துப் பருத்தியே என்பது உறுதியாயிற்று. தந்தை வழிக்கு இன்றுள்ள இனங்களுள் மிக நெருங்கியது பெரு நாட்டுக் காட்டுப் பருத்தி. அதன் விதையில் நூற்கத் தகும் பஞ்சே இல்லை.

இக்கலப்பு நிகழ்ந்தது ஏறத்தாழ 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என மதிப்பிடுகிறார்கள். அக்காலத்தில் மனிதன் பருத்தியைக் கண்டானில்லை. பழைய உலகத்து விதை கடலில் மிதந்து புதிய உலகத்துக் கரையை அடைந்திருத்தல் வேண்டும் என்பதே பொதுவான கருத்து. 2012-இல் பெருப் பருத்தியின் முழு எழுத்து வரிசையும், 2014-இல் கருங்கண்ணியின் இனத்தினுடையதும், 2015-இல் அமெரிக்கப் பருத்தியினுடையதும் வெளியாயின. அவை அனைத்தும் இம்முடிவை வலுப்படுத்தின.

சிக்கனம் ஏமாற்றும் இடங்கள்

கணக்குத் தணிக்கை செய்பவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். குறைந்த பதிவுகளால் ஐந்தொகை பொருந்திவிட்டது என்பதனால், வேறு பதிவுகள் நடக்கவேயில்லை என்று சான்று தர முடியாது. சிக்கன விதிக்கும் இவ்வெல்லை உண்டு.

எழுத்துக்கள் நான்கே. ஆகையால் இரண்டு கிளைகள் மற்றவற்றை விட மிக விரைவாக மாறியிருந்தால், அவற்றில் தற்செயலாகவே ஒரே எழுத்து பல இடங்களில் அமைந்துவிடும். சிக்கன விதி அத்தற்செயலை உறவு என்று எண்ணி, அந்த நெடுங்கிளைகளை அருகருகே வைத்துவிடும். எழுத்துக்களை மேலும் மேலும் சேர்த்தாலும் பிழை திருந்தாது. தவறான விடையே மேலும் உறுதிப்படும். 1978-இல் பெல்சன்ஸ்டைன் இதனைக் கணித வாயிலாக மெய்ப்பித்தார். அதன் பின், மாற்றங்கள் நிகழும் வாய்ப்பை அளந்து கணிக்கும் நிகழ்தகவு முறைகள் வளர்ந்தன. மரபு இழை ஆராய்ச்சியில் இன்று அவையே முன் நிற்கின்றன. எனினும் அம்முறைகளிற் சில, தொடக்க மரத்தைச் சிக்கன விதியைக் கொண்டே கட்டிக்கொள்கின்றன. மாற்றங்கள் மிகச் சிலவாகவும் பிரதிகள் மிகப் பலவாகவும் உள்ள இடத்தில் சிக்கன முறைக்கு நிகரான விரைவு வேறெதற்கும் எளிதில் வாய்ப்பதில்லை. கோவிட் தொற்றின்போது உலகெங்கும் குவிந்த வைரஸ் வரிசைகளைக் குடிவழியில் வைக்க, 2021-இல் வெளியான ‘அஷர்’ என்னும் நிரல் இவ்விதியையே கையாண்டது.

இரண்டாவது எல்லை பருத்திக்கு மிகவும் உரியது. மரம் என்றால் கிளைகள் பிரியும்; பிரிந்தவை மீண்டும் கூடா. அமெரிக்கப் பருத்தியோ இரண்டு கிளைகள் கூடிப் பிறந்தது. பசுங்கணிகத்தை மட்டும் படித்தால் தாய் வீடுதான் தெரியும். உட்கருவிலுள்ள மரபணுக்களைப் படித்தால் ஒவ்வொன்றும் இரண்டு பிரதிகளாகக் கிடைக்கும். ஒரு பிரதி ஆசியப் பருத்தியோடும் மற்றது பெருப் பருத்தியோடும் போய்ச் சேரும். இரு மரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முழுக் கதை விளங்கும். மெக்சிகோவில் வளரும் ஒரு காட்டுப் பருத்தியின் பசுங்கணிகம் அதனை அமெரிக்க இனங்களோடு சேர்க்கிறது. உட்கருவின் ஒரு பகுதியோ ஆப்பிரிக்க இனங்களின் சாயலைக் காட்டுகிறது. அதன் முன்னோரிடையிலும் ஒரு பழங்கலப்பு நிகழ்ந்திருத்தல் வேண்டும் என்பது ஆராய்ந்தவர்களின் முடிவு. ஒரே ஒரு சாட்சியைக் கேட்டுத் தீர்ப்பு எழுதலாகாது என்பது இங்கும் பொருந்துகிறது.

நமக்கு என்ன பயன்?

உறவு தெரிந்தால் உதவி கேட்கும் வீடு தெரியும். 1990-களில் பாகிஸ்தானில் இலைச் சுருட்டு வைரஸ் பரவி அமெரிக்கப் பருத்தியைப் பெரிதும் அழித்தது. வெள்ளை ஈ அதனைச் செடிக்குச் செடி சுமந்து சென்றது. கருங்கண்ணியின் இனம் அந்நோய்க்கு ஆட்படுவதில்லை. ஆப்பிரிக்காவில் ஒரு காட்டுப் பருத்தி உண்டு; அது தரும் இழையை நூற்க முடியாது. ஆயினும் நம் நாட்டுப் பருத்திக் கிளைக்கு மிக நெருங்கிய காட்டு உறவு அதுவே எனக் குடிவழி காட்டுகிறது. மொச்சை வடிவ நூற்புழு அதன் வேரைத் தாக்குவதில்லை. அக்குணத்தை இடையினக் கலப்புகளின் வாயிலாக அமெரிக்கப் பருத்திக்குக் கொணர்ந்திருக்கிறார்கள். எக்கலப்பு எளிது, எதற்கு இடையில் ஒரு பாலம் தேவை என்பதை அறியக் குடிவழி மரம் வழிகாட்டியாகிறது.

நெசவாளருக்கும் இதில் பங்குண்டு. இழையின் நீளமும் நயமும் உறுதியும் மரபு வழியே வருவன. நீண்ட இழை தந்த அமெரிக்க இனங்களின் பெருமையை நாம் அறிவோம். அவற்றின் பாதி மரபு நம் நாட்டுப் பருத்தியின் கிளையிலிருந்து சென்றது என்பதை அறிந்தவர் சிலரே.

1947-இல் நம் நாட்டுப் பருத்தி நிலங்களின் பெரும்பகுதியில் நாட்டு இனங்களே பயிராயின. இன்றோ மிகப் பெரும்பகுதியில் அமெரிக்க இனமே நிற்கிறது. ஓர் இனத்தையே எங்கும் பயிரிட்டால் ஒரு நோய் எல்லோரையும் ஒருங்கே தாக்கும். அப்போது திரும்பிப் பார்ப்பதற்குப் பழைய கிளையின் விதை எங்கேனும் இருக்க வேண்டும். எழுத்து வரிசையைக் கணிப்பொறியில் வைத்திருப்பதனால் விதை முளைத்துவிடாது.

கருங்கண்ணியோ உப்பமோ இன்னும் பயிரிடும் அங்கத்தினர்கள் எவரேனும் இருப்பின், அவர்கள் விதையைத் தனியே எடுத்து வைப்பார்களாக. கலப்பு வயலில் மட்டும் நேர்வதில்லை. ஜின்னிங் ஆலையிலும் கிட்டங்கியிலும் நேர்கிறது. ஆகவே, அப்பருத்தியைத் தனியாக அரைத்து, விதை வந்த ஊர், பெயர், விளைந்த ஆண்டு ஆகியவற்றைச் சங்கத்தின் விதைப் பதிவேட்டில் எழுதி வைத்தல் நலம். ஆராய்ச்சி நிலையத்தார் மாதிரி கேட்டால் அக்குறிப்போடு கொடுக்கலாம். பெயரும் ஊரும் எழுதாத விதை, தேதி இல்லாத ரசீதைப் போன்றது. பொருள் கையிலிருந்தும் கணக்கில் ஏறாது. நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே இதற்கென ஒரு பதிவேட்டைத் திறக்கத் தீர்மானிக்கலாம். செலவு ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலைதான்.